முள்ளென்று பிடுங்கினோம்

'சுத்தம் சோறு போடும்' என்று சொல்லாத தாய்மார் நம் வீடுகளில் இல்லை. எங்கள் பள்ளிச் சுவரிலும் அது அழகிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதை மறுத்துப் பேச நாங்கள் வரவில்லை. ஆனால் எது சுத்தம், எது அசுத்தம் என்பதில் பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய எங்களுக்கு இவ்வாண்டு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அது எப்படி வந்தது என்பதையும், அதன்பின் நாங்கள் கொண்ட கருத்தையும் ஆண்டு மலரிலே எழுதுகிறோம். அருட்சகோதரிகளும் பெற்றோர்களும் பொறுமையோடு படிக்குமாறு வேண்டுகிறோம். ஏனெனில் முதல் தவறு எங்களுடையது.

தை மாதம், பொங்கல் விடுமுறை முடிந்து வந்த முதல் சனிக்கிழமை அன்று எங்கள் வகுப்பு சிரமதானத்திற்குச் சென்றது. பள்ளியிலிருந்து ஒரு மைல் தொலைவில் ஒரு குளம். அதற்கு நீர் கொண்டு வரும் வாய்க்காலைத் துப்புரவு செய்வது எங்கள் பணி. மண்வெட்டி, அரிவாள், கூடை எல்லாம் வீடுகளிலிருந்து வந்தன. சிலர் அப்பாவின் பழைய சட்டையை மேலே போட்டுக்கொண்டு வந்திருந்தோம். பாலிதீன் பைகள், உடைந்த செருப்புகள், பாட்டில்கள், யாரோ தூக்கியெறிந்த ஒரு மெத்தை ஆகியவற்றை முதல் ஒரு மணி நேரத்தில் அள்ளிவிட்டோம். வேலை இத்தனை சீக்கிரம் முடிந்ததில் எங்களுக்கே ஏமாற்றம். அப்போதுதான் வாய்க்காலின் இரு கரையிலும் இடுப்பளவு உயரத்திற்கு அடர்ந்து நின்ற முட்செடிகள் கண்ணில் பட்டன.

ஊதாப் பூக்கள் பூத்திருந்தன. அழகாய்த்தான் இருந்தன. ஆனால் பறிக்கப் போன தோழியின் விரலில் முள் ஏறி இரத்தம் வந்துவிட்டது. அவ்வளவுதான்! "இதுவும் குப்பைதான், பிடுங்குங்கடி" என்று ஒரு குரல் எழுந்தது. யார் குரல் என்று இப்போது யாரும் ஒப்புக்கொள்வதில்லை. கைக்குத் துணி சுற்றிக்கொண்டு, வேரோடு பிடுங்கிக் கரையில் மலைபோல் குவித்தோம். ஒரு செடியின் அடியில் மண்வெட்டி போட்டபோது வளையிலிருந்து ஒரு நண்டு ஓடி வந்தது. எல்லோரும் அலறிச் சிரித்தோம். ஞாயிறு, திங்கள் இரண்டு நாள் வெயிலில் காய்ந்த அக்குவியலுக்குத் திங்கள் மாலை தீ வைத்தார்கள். பளபளவென்றிருந்த வாய்க்காலின் முன் வரிசையாக நின்று புகைப்படமும் எடுத்துக்கொண்டோம். பரிசு வாங்கிய முகம்தான் எல்லோருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை, பள்ளி வாசலில் கீரை விற்கும் ஆச்சி எங்களை நிறுத்தினார்.

"ஏட்டி, வாய்க்காக் கரையில நின்ன முள்ளியெல்லாம் எங்க? நீங்களா பிடுங்குனிய?"

"ஆமா ஆச்சி. எல்லாத்தையும் சுத்தம் பண்ணிட்டோம்."

"சுத்தமா? ஒரு வருசத்து மருந்தைல்லா எரிச்சுட்டு வந்து நிக்கிய!"

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆச்சி சேலையைச் சற்றே தூக்கித் தம் கால்களைக் காட்டினார். காலையிலேயே கணுக்கால் தெரியாதபடி வீங்கியிருந்தன. நாள் முழுதும் குந்தியும் நின்றும் கீரை விற்கிறவர். ஒவ்வொரு ஆண்டும் தை கடைசியிலும் மாசியிலும் அந்த வாய்க்காலுக்குப் போய், பூவும் காயுமாக நிற்கும் முள்ளியை வேரோடு எடுத்து, அலசி, நிழலில் உலர்த்திப் பானையில் போட்டு வைப்பாராம். வைத்தியர் சொன்னபடி அதைக் காய்ச்சிக் குடித்தால் கால் வடியும் என்றார். மிஞ்சியதை நாட்டு மருந்துக் கடையில் கொடுத்தால் ஏதோ கொஞ்சம் பணமும் கிடைக்கும். "பிள்ளைய தெரியாம செஞ்சிருக்கும், போங்க" என்று அவரே எங்களைச் சமாதானப்படுத்தி அனுப்பியதுதான் எங்களுக்கு மிகவும் சங்கடமாயிருந்தது. அன்று முதல் பாடவேளையில் யாருடைய காதிலும் பாடம் ஏறவில்லை.

அந்தச் செடியின் பெயர் நீர்முள்ளி. பிடுங்கிய பிறகுதான் பெயரைத் தெரிந்துகொண்டோம். தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள எங்கள் வெட்கம் கூடியது என்றால் மிகையாகாது.

தாவர நூலில் அதன் பெயர் ஹைக்ரோஃபைலா ஆரிகுலேட்டா. ஹைக்ரோஃபைலா என்றால் ஈரத்தை விரும்புவது என்று பொருள். பெயருக்கேற்ப வாய்க்கால் ஓரம், குளத்தின் உள்கரை, வயலோரப் பள்ளம், நீர் வடிந்த புல்தரை ஆகிய இடங்களில்தான் வளரும். தண்டில் கணுவுக்குக் கணு இலைகள் வட்டமாக அமைந்திருக்கும். ஒவ்வொரு கணுவிலும் ஆறு இலை, ஆறு முள், எட்டுப் பூ. மஞ்சள் நிறத்தில் ஊசி போல நேராக நிற்கும் முட்களுக்கு நடுவே பூக்கள் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். பூவுக்கு மேலுதடு, கீழுதடு என்று இரண்டு உதடுகள். கீழுதட்டின் நடுவில் மஞ்சள் தீற்றல். வண்டுக்கு வழிகாட்டும் அடையாளம் அது என்று அறிவியல் ஆசிரியை விளக்கினார்கள். சிரமதானத்தன்று எங்களில் ஒருவராவது ஒரு பூவைக் கையிலெடுத்து இப்படிப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திராது.

இதைவிட வியப்பு ஒன்று உண்டு. நாங்கள் சடையில் வைத்துக்கொள்ளும் கனகாம்பரமும் நீர்முள்ளியும் ஒரே குடும்பம்! இருமலுக்கு வீட்டில் கொடுக்கும் ஆடாதோடையும், 2012-ல் டெங்குக் காய்ச்சல் பரவியபோது அரசு ஊரெங்கும் காய்ச்சிக் கொடுத்த நிலவேம்பும், எச்சில் தொட்டு வைத்தால் பட்டென்று வெடிக்கிறதே, சிறுவயதில் நாங்கள் விளையாடிய பட்டாசுக்காய், அதுவும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. சங்கரன்கோவில் பூச்சந்தைக்குப் பேர்போன ஊர். மல்லிகையும் பிச்சியும் என்ன விலை என்று எங்கள் ஊரில் சிறு பிள்ளையும் சொல்லும். கனகாம்பரத்தைச் சந்தையில் எடை போட்டு வாங்குகிறோம். அதன் உடன்பிறப்பைக் குப்பை என்று கொளுத்துகிறோம். விலை இருந்தால் பூ, விலை இல்லாவிட்டால் களை என்பதுதான் நம் இலக்கணமோ?

நாட்டு மருந்துக் கடையிலிருந்து ஐந்து ரூபாய்க்கு நீர்முள்ளி விதை வாங்கி வந்து ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் குவளையில் போட்டுப் பார்த்தோம். எள்ளைவிடச் சிறிய பழுப்பு விதைகள். தண்ணீர் பட்ட சில நிமிடங்களில் சர்பத்தில் போடும் சப்ஜா விதையைப் போலவே ஒவ்வொன்றும் வழவழப்பான உறை போர்த்திக்கொண்டது. பங்குனி, சித்திரையில் குளம் வற்றிப் பாளம் பாளமாக வெடிக்கும்போது இவ்விதைகள் மண்ணிலே கிடக்கும். ஐப்பசி மழை இறங்கியதும் வழவழப்பு ஊறிச் சேற்றோடு ஒட்டிக்கொண்டு முளைத்துவிடும். எங்கள் வட்டாரம் பெரும்பாலும் மானாவாரி. மேற்கே மலை தெரிகிறது. ஆனால் குளங்கள் ஐப்பசி கார்த்திகை மழையை நம்பித்தான் கிடக்கின்றன. பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்ற கணக்கில் மனிதர்கள் படும் பாட்டை அந்தச் செடியும் படுகிறது. அது மட்டும் ஒரு குறையும் சொல்வதில்லை.

தமிழாசிரியையிடம் இதைச் சொன்னோம். அவர்கள் சிரித்துவிட்டு, "நண்டு ஓடிற்றா?" என்று கேட்டார்கள். நண்டைப் பற்றி நாங்கள் சொல்லவே இல்லையே என்று திகைத்தோம். பிறகு நூலகத்திலிருந்து ஐங்குறுநூற்றை எடுத்து வந்து காட்டினார்கள். அதில் முதல் நூறு மருதப் பாடல்கள், பாடியவர் ஓரம்போகியார். அவற்றுள் 'கள்வன் பத்து' என்று ஒரு பகுதி உண்டு. கள்வன் என்றால் அங்கே திருடன் அல்லன், நண்டு! நீர்க்கரையில் வளர்ந்த முள்ளியின் வேரடியிலே நண்டு வளை அமைத்து வாழ்வதை அப்பாடல்களில் அவர் சொல்லியிருக்கிறார். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு புலவர் குனிந்து பார்த்த அதே வீட்டை நாங்கள் மண்வெட்டியால் கொத்தி, அலறி, சிரித்திருக்கிறோம். தேர்வுக்காகத் திணையும் துறையும் மனப்பாடம் செய்கிறோம். மருதம் என்றால் வயலும் வயல் சார்ந்த இடமும் என்று ஒப்பிக்கிறோம். அந்த மருதம் ஒரு மைல் தொலைவில் முள்ளோடு நின்றபோது எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

அயல்நாட்டாருக்கு அடையாளம் தெரிந்திருந்தது. கொச்சியில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்த வான் ரீட் என்பவர் மலையாளக் கரையின் செடிகொடிகளையெல்லாம் படத்துடன் தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக அச்சிடச் செய்தார். ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் என்பது அந்நூலின் பெயர். மலையாளத்தில் வயல்சுள்ளி என்று வழங்கும் நமது நீர்முள்ளி அதில் இடம்பெற்றிருக்கிறது. இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியர் தம் வீட்டுச் சுவடிகளிலிருந்து மருந்துகளைச் சொன்னார். தொடக்கத்தில் படம் வரைந்து உதவியவர் புனித சூசையப்பரின் மத்தேயு என்ற கார்மேல் சபைத் துறவி. நம் காலத்திலும் ஒரு குருவானவர் உண்டு. திருச்சி தூய வளனார் கல்லூரியில் இராபினாட் உலர்தாவரகத்தை வளர்த்த இயேசு சபைக் குரு கே. எம். மத்தேயு அவர்கள் தமிழகச் சமவெளித் தாவரங்களை ஊர் ஊராக நடந்து சேகரித்தார். 1981 முதல் வெளிவந்த அவருடைய பெருநூலைத்தான் இன்றும் தாவரவியல் படிப்போர் புரட்டுகிறார்கள். துறவிகள் குனிந்து பொறுக்கிய செடியைக் கான்வென்ட் பிள்ளைகள் கொளுத்தினோம் என்று ஒரு சகோதரி வேடிக்கையாகச் சொன்னார்கள். வேடிக்கைதான், ஆனாலும் சுருக்கென்றிருந்தது.

மருந்து விஷயத்திற்கு வருவோம். நீர்முள்ளியின் வேர் முதல் விதை வரை எல்லாமே சித்த மருத்துவத்தில் பயன்படுகின்றன. உடம்பில் தங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் என்பது அதன் முக்கியக் குணம். நெருஞ்சில் முதலானவற்றோடு சேர்த்து 'நீர்முள்ளிக் குடிநீர்' என்ற கஷாயம் செய்கிறார்கள். வடமொழியில் இதைக் கோகிலாட்சம், அதாவது குயிலின் கண் என்பார்கள். வங்காளத்தில் இதன் இலையைக் கீரையாகச் சமைத்து உண்டால் இரத்தம் ஊறும் என்பது நம்பிக்கை. இலங்கையில் சிங்களவர்கள் ஏறத்தாழ நம் பெயராலேயே 'நீரமுல்லிய' என்றழைத்து வேரைக் காய்ச்சித் தேநீர் போல் பருகுகிறார்கள். ஆய்வுக்கூடங்களில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீர் கூடுதலாகப் பிரிந்தது என்று கண்டிருக்கிறார்கள்.

ஆனால் இதைப் படித்துவிட்டு எந்தத் தோழியும் பாட்டிக்குக் கஷாயம் போடக் கிளம்பிவிட வேண்டாம். எங்கள் வகுப்பில் ஒருத்தியின் தாயார் செவிலியர். கால் வீக்கம் என்பது இருதயம், சிறுநீரகம், இரத்த அழுத்தம் முதலிய எத்தனையோ காரணங்களால் வரலாம். முதலில் காரணத்தைக் கண்டறிய வேண்டும், கர்ப்பிணிகள் தாமதிக்கவே கூடாது என்று அவர்கள் கண்டிப்பாகச் சொன்னார்கள். ஆச்சியையும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய்க் காட்டச் சொன்னார்கள். ஆச்சி போனாரா என்று கேட்டால் "போவேன், போவேன்" என்கிறார். எங்கள் வாதம் நீர்முள்ளி எல்லா நோயையும் தீர்க்கும் என்பதன்று. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடக்கிறது. அங்கே படித்த வைத்தியர்கள் நம் வட்டாரத்திலும் இருக்கிறார்கள். மருந்தை அவர்கள் சொல்லட்டும். செடி இருந்தால்தானே அவர்கள் சொல்லவும் முடியும்?

இப்போது எதிர்க்கட்சியைக் கேட்போம். ஏனெனில் எங்கள் வகுப்பே இதில் இரண்டாகப் பிரிந்து, மதிய உணவு வேளையில் பலத்த வாக்குவாதம் நடந்தது. வீடுகளிலும் நடந்தது.

"முள்ளுக்குள் பாம்பு இருக்கும், பிள்ளைகள் நடக்கிற பாதை" என்பது பெற்றோரின் முதல் மறுப்பு. நியாயமான மறுப்பு. நடக்கிற பாதையில் முட்செடி நிற்கக் கூடாது, வெட்டத்தான் வேண்டும். ஆனால் நாங்கள் பிடுங்கியது பாதையிலன்று. யாரும் கால் வைக்காத வாய்க்காலின் உட்கரையில். பாம்பு அங்கே இருந்தால் தவளைக்காகவும் எலிக்காகவும் இருக்கும். அதன் வீட்டைப் பிரித்துவிட்டால் அது நம் வீட்டைத் தேடாதா?

"நெல் வயலில் முள்ளி வந்தால் என் தாத்தா பிடுங்கத்தான் செய்வார்" என்றாள் விவசாயக் குடும்பத்துத் தோழி ஒருத்தி. இதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை. வயலில் அது களைதான். பயிருக்கு வைத்த உரத்தையும் நீரையும் தின்றுகொண்டு, களையெடுக்கிற பெண்களின் கையையும் குத்தும். அதே செடி வாய்க்கால் கரையில் நின்றால்? "அங்க நிக்கட்டும், கரை அரிக்காது" என்பாராம் அதே தாத்தா. எங்கள் வகுப்பில் பேசப்பட்ட வாதங்களுள் மிகச் சிறந்தது இதுவே என்று கருதுகிறோம். இடத்தைப் பார்த்துத்தான் களையா காவலா என்று சொல்ல முடியும்.

கரை அரிப்பைப் பற்றி நாங்கள் நேரிலேயே கண்டோம். மாசியில் ஒரு நாள் எதிர்பாராமல் பெரிய மழை. மறுவாரம் போய்ப் பார்த்தால், வாய்க்காலில் இரண்டு இடங்களில் கரை சரிந்து மதகு வாயில் சேறு தள்ளியிருந்தது. எங்களால்தான் என்று யாரும் குற்றம் சாட்டவில்லை. மழை பலமானது, கரையும் பழையது. ஆயினும் சரிந்த இரண்டு இடமும் எங்கள் மண்வெட்டி பட்ட இடங்களே. பிடுங்காமல் விட்ட மறுபுறத்தில் மண் அப்படியே நின்றது. அதை எங்கள் கண்கள் பார்த்தன. காரணத்தைப் பெரியவர்கள் சொல்லட்டும்.

மூன்றாவது கருத்து, கரையையே கல்லும் சிமெண்டும் கொண்டு பூசி, நடைபாதையும் விளக்கும் பெஞ்சும் போட்டுவிட்டால் தொல்லை இல்லை என்பது. பல ஊர்களில் இப்படிச் செய்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. மாலையில் தாய்மார் நடப்பதற்கும் வசதி. நடைபாதை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அது மேல்கரையில் இருக்கட்டும். தண்ணீரும் மண்ணும் தொட்டுக்கொள்ளும் அந்த நாலு முழ இடத்தையாவது சேறாகவே விட்டுவிடக் கூடாதா? தமிழ்நாட்டில் ஏரியும் குளமுமாக ஏறத்தாழ 39,000 நீர்நிலைகள் இருப்பதாகக் கணக்கு. அத்தனைக்கும் ஓரத்தில் அந்த நாலு முழ ஈரம் இருக்கிறது. நீர்முள்ளி மட்டுமா? பொடுதலை, வல்லாரை, கரிசலாங்கண்ணி, நீர்ப்பிரமி எல்லாம் அந்த நாலு முழத்தில்தான் குடியிருக்கின்றன. ஆரஞ்சு நிறச் சிறகில் மயிற்கண் போல் புள்ளியுள்ள ஒரு வண்ணத்துப்பூச்சி இருக்கிறது. மயில் வசீகரன் என்று இப்போது தமிழில் பெயரிட்டிருக்கிறார்கள். அதன் புழு நீர்முள்ளி இலையைத் தின்று வளர்கிறது. சிமெண்டைத் தின்று வளரும் பூச்சி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

வேறொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். அதே குளத்தின் நடுவில் ஆகாயத்தாமரை படர்ந்து கிடக்கிறது. கீழ்க்கரை முழுவதும் சீமைக்கருவேலம். இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. ஒன்று நீரின் முகத்தை மூடி அடியில் மீனுக்கு மூச்சு முட்டச் செய்கிறது. மற்றொன்று வேறெதையும் வளரவிடாமல் கரையைப் பிடித்துக்கொள்கிறது. அவற்றை நாங்கள் தொடவில்லை. ஆகாயத்தாமரைக்கு ஆழத்தில் இறங்க வேண்டும். சீமைக்கருவேலத்துக்குக் கோடரி வேண்டும். எங்கள் கைக்கு எளிதாக வந்தது நீர்முள்ளி. எளிதாக வருவதையெல்லாம் பிடுங்கிவிட்டுச் சுத்தம் செய்ததாகப் புகைப்படம் எடுத்துக்கொள்வது மனிதர் வழக்கம்போலும். இதைப் பெரியவர்களைச் சொல்வதாக எண்ண வேண்டாம். அந்தப் புகைப்படத்தில் முன்வரிசையில் நிற்பவர்கள் நாங்களே.

எங்கள் ஊரின் வழக்கம் ஒன்று எங்களைச் சிந்திக்க வைத்தது. சங்கரநாராயணர் கோவிலில் புற்றுமண்ணை மருந்தென்று எடுத்துச் செல்வார்கள். ஆடித்தபசு நாட்களில் எத்தனையோ ஊர்களிலிருந்து மக்கள் வந்து அதைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போவதை நாங்கள் சிறு வயது முதல் பார்க்கிறோம். எங்கள் இந்துத் தோழியரின் வீடுகளில் மாடப்பிறையில் அது எப்போதும் இருக்கும். கரையான் கட்டிய மண்ணையே மதித்துப் பொதிந்து வைக்கும் ஊர் இது. இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்துகொண்டு, ஒரு செடியின் பெயரைக்கூடக் கேட்காமல் தீ வைத்தோமே என்பதுதான் எங்கள் ஆற்றாமை.

ஆகவே தலைமையாசிரியை அவர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகத்துப் பெரியவர்களுக்கும் எங்கள் விண்ணப்பம் இதுதான். சிரமதானம் ஆண்டுதோறும் நடக்கட்டும். ஆனால் முந்தின வாரமே ஊர்க்காரர் ஒருவரை, செடி தெரிந்தவரை, உடன் அழைத்துக்கொண்டு ஒருமுறை இடத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். பிடுங்க வேண்டியதற்குச் சிவப்புத் துணியும், விட வேண்டியதற்கு வெள்ளைத் துணியும் கட்டி வைக்கலாம். நீர்முள்ளியை எடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால், விதை முற்றி மண்ணில் உதிர்ந்த பிறகு பங்குனியில் எடுக்கலாம். அப்போது அது தானே காய்ந்து நிற்கும், கரைக்கும் கேடில்லை. எரிப்பதை மட்டும் அடியோடு விட்டுவிட வேண்டும். மருந்துக்கு எடுப்பவர்களும் இருக்கிற அத்தனையையும் வேரோடு வாரிக்கொண்டு போகாமல் பாதியை விட்டுச் செல்லும்படி கேட்டுக்கொள்ளலாம். ஆச்சியிடம் இதைச் சொன்னபோது, "அது எனக்குத் தெரியாதாக்கும்? அடுத்த வருசம் நான் எங்க போவேன்?" என்று எங்களையே திருப்பிக் கேட்டார்.

மாசிக் கடைசியில் ஆச்சி இரண்டு பேருந்து மாறி வேறொரு ஊர்க் குளத்துக்குப் போய்க் கொஞ்சம் முள்ளி எடுத்து வந்தார். பேருந்துக் கட்டணத்தைக் கொடுக்கிறோம் என்று நாங்கள் காசு சேர்த்துக்கொண்டு போனோம். வாங்க மறுத்துவிட்டார். அதற்குப் பதிலாக ஆளுக்கொரு கட்டுக் கீரை வாங்க வைத்துவிட்டார். அன்று பத்தாம் வகுப்பு வீடுகள் அனைத்திலும் அரைக்கீரைதான்.

இம்மலர் உங்கள் கைக்கு வரும்போது நாங்கள் பொதுத்தேர்வை முடித்திருப்போம். சிலர் இதே பள்ளியில் பதினோராம் வகுப்பில் சேருவோம். சிலர் வேறு ஊர்களுக்குப் போய்விடுவோம். வாய்க்காலில் முள்ளி மறுபடி முளைக்குமா என்பது ஐப்பசியில்தான் தெரியும். பிடுங்கிய செடிகளில் சில முன்பே காய்த்திருந்தன, கொஞ்சமாவது உதிர்ந்திருக்கும் என்று அறிவியல் ஆசிரியை சொல்கிறார்கள். வாங்கிய விதையில் மீதமிருந்ததைச் சரிந்த கரையில் தூவிவிட்டு வந்திருக்கிறோம். கடை விதை முளைக்குமோ முளைக்காதோ. அடுத்த சிரமதானத்திற்கு முன் வந்து செடிகளைக் காட்டித் தரும்படி ஆச்சியை ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் கேட்டிருக்கிறார்கள். வருவதாகச் சம்மதித்துவிட்டார். ஆனால் அன்றைய கீரை வியாபாரம் கெட்டுப்போகும், அதற்குக் கூலி தர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். வகுப்பு நிதியிலிருந்து எவ்வளவு கொடுப்பது என்பதைத் தலைமையாசிரியை அவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.